பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்கைச் சொல்லுவோம்

 

அரியமங்கலத்தில் நம் பிள்ளைகள் பலரும் ஒரே பேச்சைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். பையன் என்றால் படிக்க வேண்டும், சபுர் போக வேண்டும், தங்கச்சியைக் கட்டிக் கொடுக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும். பெண் என்றால் கல்யாணத்துக்கு நகை சேர வேண்டும். இந்த ஆசைகளில் பல நல்லவையே. ஆனால் இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. “உனக்கு எதுக்கு அந்தக் கவலை, நீ படி” என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

அந்தப் பிள்ளை முதல் சம்பளம் வாங்கும் மாதத்தில்தான் குடும்பத்தின் கடன் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் 4 லட்சம் ரூபாய். மாதம் 10,000 ரூபாய் அடைத்தால், வட்டியே இல்லாவிட்டாலும் 40 மாதம் ஆகும். மூன்று வருடத்துக்கும் மேல்! நகையை அடகு வைத்திருந்தால் மார்க்கம் தடுத்த வட்டியும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கடனில் பாதி, கைக்கூலியாலும் ஊர் மெச்சும் விருந்தாலும் வந்ததாக இருந்தால் யாரைக் குறை சொல்வது? மாப்பிள்ளை கொடுக்க வேண்டியது மஹர். பெண் வீட்டில் கேட்டு வாங்குவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, சஅத் பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றார்கள். பிறகு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்து மணம் முடித்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இந்தச் செய்தி புகாரியில் உள்ளது. கையில் இருந்ததற்குள் கல்யாணம் நடந்தது. அதே அப்துர் ரஹ்மான் (ரலி) பின்னாளில் பெரும் செல்வந்தர் ஆனார்கள்.

நாம் செய்யக்கூடியவை மூன்று:

1. பிள்ளைக்கு 15 வயதானதும் மாதம் ஒருநாள் உட்கார வைத்து வரவு, செலவு, கடன் மூன்றையும் சொல்லுவோம். மகளுக்கும் சொல்லுவோம்.

2. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்போம். குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதுவது பற்றியதுதான்.

3. கல்யாணம் பேசும்போது முதலில் கையிருப்பை எண்ணுவோம். தேதியும் மண்டபமும் அதற்குப் பிறகு.

கணக்குத் தெரிந்து வளரும் பிள்ளை பயந்துவிடாது. எது தேவை, எது ஆடம்பரம் என்று அதுவே நமக்குச் சொல்லும்.

கடனின் சுமையிலிருந்து அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக. ஆமீன்.