கைக்காகிதத் தொழிலில் தொழிலாளியின் பங்கு

ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகஜிகள் எனப்படுவோர் தலைமுறை தலைமுறையாகக் கையால் காகிதம் செய்து வருகின்றனர். 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் இத்தொழிலுக்குப் புத்துயிர் அளிக்க முயன்றது. பருத்தித் துணிக் கழிவே இதன் முக்கிய மூலப்பொருள்.

கந்தலை அரைத்துக் கூழாக்க இயந்திரம் துணை செய்யலாம்; தாள் உருப்பெறுவது தொட்டியருகேதான். கூழ் கலந்த நீரில் சல்லடைச் சட்டத்தை அமிழ்த்தி, சமமாகத் தூக்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னுமாறு தொழிலாளி அசைக்கிறார். கைகள் உணரும் பாரத்தைக் கொண்டே தாளின் கனத்தை ஒழுங்குபடுத்துகிறார்.

இவ்வேலைக்குத் தாள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கூலி தந்தால், விரைவு பெருகித் தரம் குறையும். தரம் குறைந்தால், விலையில் ஆலைக் காகிதத்தோடு போட்டியிட இயலாத இத்தொழிலுக்குச் சந்தை இராது. ஆகவே, திறனுக்கேற்ற ஊதியத்தையும் இளைஞர் பயிற்சியையும் உற்பத்திச் செலவின் இன்றியமையாத அங்கமாகவே கொள்ளுதல் வேண்டும்.