மலக்குழி மரணங்கள்: ஆய்வுக் கட்டுரைகளை எங்கே தேடுவது?

மலக்குழி மரணங்களைப் பற்றி ஆய்வேடு எழுத உட்காரும் மாணவர்கள் முதலில் திறப்பது கூகுள் ஸ்காலரைத்தான். அதில் தப்பில்லை, ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

எந்தத் தளமானாலும் தேடுசொல்லைப் பொறுத்துத்தான் விடை கிடைக்கும். மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், மனிதக் கழிவை மனிதரே அள்ளும் ‘மேனுவல் ஸ்கேவெஞ்சிங்’ வேறு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கும் ‘ஹஸார்டஸ் கிளீனிங்’ வேறு என்று பிரித்து வைத்திருக்கிறது. முதல் வகையில் யாரும் சாகவில்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொல்ல முடிந்தது இந்தப் பிரிவினையால்தான். ஒரே சொல்லை இட்டுத் தேடினால் அந்தப் பிரிவினைக்கு நாமும் பலியாவோம். ‘சூவர் டெத்ஸ்’, ‘செப்டிக் டேங்க்’, ‘சானிடேஷன் ஒர்க்கர்ஸ்’ எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தனித்தனி மேற்கோள் குறிக்குள் இட்டு, இடையிடையே ‘ஆர்’ என்பதைப் பெரிய எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள்.

ஸ்காலரின் பலம் ‘சைட்டட் பை’ இணைப்பு. நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால், அதை மேற்கோள் காட்டிப் பின்னால் எழுதியவர்களை எல்லாம் அது காட்டிக்கொடுக்கும். பலவீனம், தரம் பார்க்காமல் அள்ளிக் கொட்டுவது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் அதில் கலந்திருக்கும். எத்தனை ஆயிரம் முடிவுகள் என்று சொன்னாலும் முதல் ஆயிரத்தைத்தான் பார்க்க முடியும்.

வரலாறு வேண்டுமென்றால் ஜேஸ்டோர். ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யின் பழைய இதழ்கள் அங்கே இருக்கின்றன. தனிக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இலவசமாகத் திரையில் படிக்கலாம். பல இதழ்களின் அண்மை ஆண்டுகள் மட்டும் இருக்காது. இன்னொன்று, பழைய கட்டுரைகளில் சாதிப் பெயர்கள் இன்று நாம் சொல்லக் கூசும் வடிவில்தான் இருக்கும். மனம் ஒப்பாவிட்டாலும் அவற்றையும் இட்டுத் தேடியாக வேண்டும். இல்லையென்றால் அந்த மக்களின் பழைய வரலாறு கண்ணில் படாமலே போய்விடும்.

நான் அழுத்தமாகப் பரிந்துரைப்பது ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாரும் அங்கே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும், உண்மைதான். ஆனால் இதழ்க் கட்டுரை நான்கு வரியில் முடித்துவிடும் கள ஆய்வு இங்கே ஒரு முழு அத்தியாயமாக இருக்கும். ஒவ்வோர் அத்தியாயமும் பெரும்பாலும் தனி பிடிஎஃப் என்பதால் முழு ஆய்வேட்டையும் இறக்கத் தேவையில்லை. முதலில் பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள். தொழிலாளரிடம் கேட்ட கேள்விப் பட்டியல் பல ஆய்வேடுகளில் அங்கேதான் இருக்கும். எதைக் கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்து நூற்பட்டியல். தேடும்போது ஒரு சிக்கல், பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ‘அருந்ததியர்’ என்பதையே ‘டி’ போட்டும் ‘டிஎச்’ போட்டும் இரண்டு மூன்று முறை தேட வேண்டிவரும்.

மலக்குழியில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உயிரைப் பறிக்கும் விதத்தை அறிய மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெட் போதும், இலவசம். ஸ்கோபஸ் கட்டணத் தளம். இந்தியச் சமூக அறிவியல் இதழ்களில் பல அதில் இல்லை என்பதால் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள், கட்டண இதழ்களைப் படிக்கத் தரும் அரசுத் திட்டமாக 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ தங்கள் கல்லூரிக்கு வந்துவிட்டதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

இழப்பீடு பற்றி எழுதும்போது மட்டும் கட்டுரைகளை நம்பாமல் ‘இந்தியன் கானூன்’ தளத்தில் தீர்ப்பையே படியுங்கள். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்தது 10 லட்சம் ரூபாய். 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்ந்தது. அதற்கு முன் வந்த கட்டுரைகளில் பழைய தொகைதான் இருக்கும்.