'விட'வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். துபாயிலிருந்து ஒருவர் விலை விசாரிக்கிறார். முதலாளி உங்களை மெயில் போடச் சொல்கிறார். "அவர் ப்ரைசஸ் ஆர் லோயர் தேன் கோயம்புத்தூர் எக்ஸ்போர்ட்டர்ஸ்" என்று தட்டுகிறீர்கள். ஸ்பெல்லிங் எல்லாம் சரி. ஆனால் தராசின் ஒரு தட்டில் விலை இருக்கிறது, மறு தட்டில் கோயம்புத்தூர் வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். விலையை விலையோடுதான் நிறுக்க வேண்டும். "தேன் தோஸ் ஆஃப் கோயம்புத்தூர் எக்ஸ்போர்ட்டர்ஸ்" என்று எழுதுங்கள். ஒரே ஒரு பொருளைச் சொன்னால் 'தோஸ்' போய் 'தட்' வரும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியின் மணத்தைப் பற்றி எழுதினால், "தேன் தட் ஆஃப் அதர் ஜாஸ்மின்ஸ்".

இந்தத் தவறு அறியாமையால் வருவதில்லை, தாய்மொழிப் பழக்கத்தால் வருகிறது. "எங்க விலை கோயம்புத்தூர்க்காரங்களை விடக் கம்மி" என்று கடையில் சொன்னால் யாரும் குழம்புவதில்லை; விடுபட்டதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். எழுத்து ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தராது. அதனால் அனுப்பும் முன் வரியை ஒருமுறை தமிழில் சொல்லி, 'விட'வுக்கு முன்னால் 'உடையதை' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ஆங்கிலத்தில் 'தட் ஆஃப்' அல்லது 'தோஸ் ஆஃப்' வேண்டும். ஒப்பிடுவது நம் இலக்கணத்திலும் உண்டு: நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் நான்கு பொருள்களில் ஒப்பும் ஒன்று. காக்கையையும் களாம்பழத்தையும் பக்கத்தில் வைத்துக் கறுப்பை அளந்த உரையாசிரியர்கள், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கறாராக இருந்தவர்கள். நமக்கு இது புதுப் பாடமே இல்லை.

'மோர் பெட்டர்' என்ற தவறு வருவதற்கும் காரணம் உண்டு. தமிழில் 'பெரிய' என்ற சொல் ஒப்பிடும்போதும் உருமாறுவதில்லை. 'இன்னும் பெரிய' என்று முன்னால் ஒன்றைச் சேர்க்கிறோம். 'பெட்டர்' ஏற்கெனவே உருமாறிய சொல், அதற்கு 'மோர்' தேவையில்லை. எவ்வளவோ மேல் என்று அழுத்த வேண்டுமானால் 'மச் பெட்டர்'.

இளந்தைக்குளம் எல்காட் ஐ.டி. வளாகத்துக்கோ வடபழஞ்சி ஐ.டி. வளாகத்துக்கோ இன்டர்வியூ போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. "ஐ வொர்க் ஹார்டர் தேன் எனிபடி இன் மை டீம்" என்று சொல்லாதீர்கள். அந்த டீமில் நீங்களும் இருக்கிறீர்கள். உங்களை விட நீங்களே எப்படி அதிகம் உழைப்பீர்கள்? "எனிபடி எல்ஸ்" என்று சேருங்கள். நாம் பேச்சில் 'மத்தவங்களை விட' என்போமே, அந்த 'மத்த'தான் இந்த 'எல்ஸ்'. ரெஸ்யூமேயில் 'மோர் எஃபிஷியன்ட்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், யாரை விட, எப்போதை விட என்று படிப்பவர் கேட்பார். முன்பு ஒரு நாளில் 40 பில் போட்டேன், இப்போது 55 போடுகிறேன் என்று எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

அலுவலகத்தில் மனஸ்தாபம் உண்டாக்கும் வரி ஒன்று உண்டு: "ஐ ட்ரஸ்ட் ஹிம் மோர் தேன் யூ." நீங்கள் அவரை நம்புவதை விட நான் அதிகம் நம்புகிறேன் என்பதா, உங்களை விட அவரை நம்புகிறேன் என்பதா? முதல் பொருள் என்றால் 'தேன் யூ டூ' என்று முடியுங்கள். இரண்டாவது என்றால், அதை மெயிலில் எழுதாமல் நேரில் பேசுவது நல்லது.

'சீனியர் தேன்' என்று எழுதுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பின்னால் 'டு' வர வேண்டும். இங்கே தமிழே கைகொடுக்கிறது. காலேஜ் வாசல் டீக்கடையில் "அவரு எனக்கு ரெண்டு வருஷம் சீனியர்" என்கிறோம், "என்னை விட சீனியர்" என்பதில்லை. அந்த 'எனக்கு'வை அப்படியே வைத்து, "ஹி இஸ் டூ இயர்ஸ் சீனியர் டு மீ" என்று எழுதிவிடுங்கள்.