கேஸ் கட்டும் கெடுவும்

கேள்வி: ஐயா, மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா காலமானதும், ஒன்றரைக் காணிக் கொல்லையில் எனக்கும் தங்கைக்கும் பங்கு கிடையாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். 2021இல் திண்டிவனம் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். வக்கீலுக்கு இதுவரை 85,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். எல்லாம் மல்லாட்டை விற்ற காசும் தங்கை நகையை அடகு வைத்த காசும்தான். ரசீது ஒன்றும் இல்லை. கடைசியாகப் பொங்கலுக்கு முன்னால், ‘சாட்சி விசாரணை வருது’ என்று 5,000 கேட்டார். மகன் போனிலேயே அனுப்பினான். வாய்தாவுக்கு நான் போனால், ‘நீ எதுக்கும்மா வெயில்ல அலையுற, நாங்க பாத்துக்கறோம்’ என்று குமாஸ்தா திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று வாரத்துக்கு முன் மகன் செல்போனில் கோர்ட் ஆப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: போன ஆடி மாதமே, வாதி ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடி ஆகியிருக்கிறது. போய்க் கேட்டால், ‘திரும்ப எடுத்துடலாம், பாக்கி 40,000 கொடு’ என்கிறார். கட்டைக் கொடுங்கள், வேறு வக்கீலைப் பார்க்கிறோம் என்றால், அதற்கும் அதே 40,000. திண்டிவனத்தில் இரண்டு வக்கீல்களைப் பார்த்தோம். ‘அவர் நோ அப்ஜெக்‌ஷன் போட்டுக் கொடுக்கட்டும்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நிலம் வந்தால் கால் பங்கு தருவதாக ஆரம்பத்திலேயே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். இவர் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? விழுப்புரத்தில் பெரிய வக்கீலாகப் பிடித்தால் நடக்குமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கோபம் நிறைய இருக்கிறது, தேதிதான் குறைவு. எனக்கு முதலில் வேண்டியது தேதி. வாதி வராததால் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போட, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. அது எப்போதோ முடிந்துவிட்டது. இனி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போட வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தத் தாமதத்தை நீதிபதி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார். ஆடியிலிருந்து உங்கள் மகன் செல்போனைப் பார்த்த நாள் வரைக்கும் வக்கீலைக் கைகாட்டலாம். அதற்குப் பிறகு போன மூன்று வாரத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த இதழ் அச்சாகிக் கைக்கு வருவதற்குள் இன்னும் நாள் போகும் என்பதால், இதன் சுருக்கத்தை உங்கள் முகவரிக்கு முன்னாலேயே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ரசீது இல்லை என்று வருந்துகிறீர்கள். அதைவிடப் பெரியது ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. வழக்கு செத்தது ஆடியில். சாட்சி விசாரணைக்கு என்று 5,000 வாங்கியது மார்கழியில். பணம் போன தேதி உங்கள் மகனின் வங்கிக் கணக்கில் இருக்கும், கேட்ட செய்தி போனில் இருக்கலாம். இரண்டையும் அச்செடுத்து மனுவோடு சேருங்கள். குமாஸ்தா உங்களைத் திருப்பி அனுப்பிய கதையையும், எந்த வாய்தா, எந்த மாதம் என்று நினைவுள்ள வரை, பிரமாணப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். 1981இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீல் வராமல் போன குற்றத்துக்குக் கிராமத்துக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லி வழக்குக்கு உயிர் கொடுத்தது. செலவுத் தொகையை வராத வக்கீலிடமே வசூலிக்கவும் சொன்னது. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2024 நவம்பரில் ரஜ்னீஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம், பழியை வக்கீல் தலையில் போட்டுவிட்டுக் கட்சிக்காரர் கைகழுவ முடியாது, தன் வழக்கு என்ன ஆனது என்று அவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று கறாராகப் பேசியது. அதனால்தான் அந்த 5,000 ரூபாய் முக்கியம். நீங்கள் விசாரித்தீர்கள், பணமும் கொடுத்தீர்கள், நடக்கிறது என்று நம்பவைக்கப்பட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி.

இனிக் கட்டு. பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாநிலக் கூட்டுறவு வங்கியின் வக்கீல், தனக்கு 97,100 ரூபாய் வர வேண்டும் என்று சொல்லிக் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. பாக்கி இருந்தால் தனியாக வழக்குப் போட்டு வசூலித்துக்கொள்ளட்டும், கட்டைத் தராமல் வைத்திருப்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று தீர்ப்பானது. இதை அவரிடம் போய் வாதாட வேண்டாம். கட்டையும் கொடுத்த பணத்துக்குக் கணக்கையும் கேட்டு, மரியாதையான நாலு வரிக் கடிதத்தை ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

அதற்காகக் கட்டு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கட்சிக்காரர்கள் கட்டை ஏதோ புதையல் மாதிரி நினைத்துத்தான் மிரளுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி திரும்ப வாங்கக்கூடிய காகிதம். பிராதும் எதிருரையும் தள்ளுபடி உத்தரவும் திண்டிவனம் கோர்ட்டிலேயே நகல் மனுப் போட்டால் கிடைக்கும். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் உண்டு. பட்டா, சிட்டா இணையத்திலேயே வந்துவிடுகிறது. அப்பா கையால் எழுதிப் பதிவு செய்யாமல் விட்ட கூர்ச்சீட்டு மாதிரி ஏதாவது இருந்தால், அதுதான் திரும்பக் கிடைக்காதது. அப்படி ஒன்று அவரிடம் இருந்தால் கடிதத்தில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

‘நோ அப்ஜெக்‌ஷன்’ வக்கீல்களுக்குள் உள்ள மரியாதை. கட்சிக்காரரைக் கட்டிப்போட அது கயிறு இல்லை. பழைய வக்கீல் கையெழுத்துப் போட மறுத்தால், அதைச் சொல்லிக் கோர்ட்டின் அனுமதி கேட்டுப் புது வக்காலத்தைத் தாக்கல் செய்யலாம். வக்கீலை மாற்றுவது உங்கள் உரிமை. நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். ஒரே பார் அறையில் தினமும் டீ குடிக்கும் ஆளுக்கு எதிராக உள்ளூர்க்காரர் தயங்குவது எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்கு உங்கள் நிலம் விலையாகக் கூடாது.

விழுப்புரத்தில் பெரிய வக்கீலைப் பிடிக்கலாமா என்கிறீர்கள். சட்டப்படி யாரும் எங்கும் வந்து வாதாடலாம். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு, 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை தலைமையிடம் கடலூர். பெரிய வழக்கென்றால் பெரிய ஊர் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. விழுப்புரத்தில் இரண்டு வழக்கு இருக்கும் காலையில், விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி உங்கள் ஒரு வழக்குக்காக அவர் வர மாட்டார்; ஒரு ஜூனியரை அனுப்புவார். அவர் வந்து சேர்வதற்குள் பெயரைக் கூப்பிட்டு முடித்தால், இன்னொரு ஆடி. தினமும் திண்டிவனம் கோர்ட்டில் நிற்கிற ஆள்தான் உங்களுக்கு வேண்டும். அங்கேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் பார்க்காமல், உங்களுக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இலவச வக்கீல் எல்லாரும் சிரத்தையாகப் பார்ப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால், நோ அப்ஜெக்‌ஷன் இல்லை என்று அந்தக் குழு உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஒரு ஆறுதலும் உண்டு. மற்ற வழக்குகளில் இப்படித் தள்ளுபடியானால் அதே காரணத்துக்குப் புது வழக்குப் போட முடியாது. பாகப்பிரிவினை அப்படி இல்லை. சொத்து பொதுவில் இருக்கும் வரை பங்கு கேட்கும் உரிமையும் உயிரோடு இருக்கிறது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மன்னிப்பு மனு தோற்றாலும் புது வழக்குக்கு வழி இருக்கிறது. ஆனாலும் பழையதை உயிர்ப்பிப்பதே மேல். வழக்கு நடக்கும்போது நிலத்தை வாங்குபவர் கடைசித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். ஆடிக்குப் பிறகு அண்ணன் கிரயம் செய்திருந்தால், வாங்கியவர் வழக்கே இல்லாதபோதுதான் வாங்கினேன் என்பார். முதல் வேலையாக, பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

நுகர்வோர் கோர்ட் கதவு சாத்தியாகிவிட்டது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய ஆணையம் 2007இல் சொன்னதை, 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் சட்டம் இப்போது அதுதான். மீதி இருப்பது உரிமையியல் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கும், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகாரும். புகாரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் அது டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பட்டியலிலிருந்தே நீக்கலாம். உங்களுடையதைப் போன்ற கதை சென்னையில் முன்பே நடந்திருக்கிறது. புரோநோட்டுக் கடனை வசூலிக்க வக்கீலிடம் போன வயதானவர்களை, வழக்கு நடப்பதாகவே நம்பவைத்தார்கள். 1978இல் ரங்கதுரை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வக்கீலுக்கு ஓராண்டுத் தடையை உறுதி செய்தது. நீதிபதி கிருஷ்ணய்யர், இவர் இலவசச் சட்ட உதவியில் ஏழைகளுக்கு வேலை செய்யட்டும் என்று பரிகாரமும் சேர்த்தார். அந்தத் தண்டனை பற்றிய விவாதம் எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

பார் கவுன்சில் புகாரால் ஒரு குழி நிலமும் திரும்ப வராது. மனுப் போட்டு அதற்கு எண் கிடைத்த பிறகு, ஆற அமர எழுதுங்கள். வாய்தா இழுத்தார், நீதிபதி மாறினார், பார் புறக்கணிப்பு நடந்தது என்பதையெல்லாம் அதில் சேர்க்காதீர்கள்; அவை அவர் தப்பே இல்லாமலும் நடக்கும், புகாரை நீர்க்கச் செய்துவிடும். செத்த வழக்குக்கு வாங்கிய 5,000, தராத கட்டு, கால் பங்குத் தாள், இந்த மூன்று போதும். வழக்கின் முடிவில் பங்கு பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது, அந்தத் தாளை வைத்து அவர் உங்களிடம் ஒன்றும் கேட்க முடியாது. அதன் நகல் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள், செல்போனில் படம் பிடித்துத் தங்கைக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.