வார இறுதி வகுப்பறைகள்

நுழையும்முன்

கற்பிக்கச் செல்பவர் கற்பதை நிறுத்திவிட முடியாது. அயல்நாட்டில் ஆசிரியப் பயிற்சி பெறச் சென்ற ஒருவர், வார இறுதி நாள்களில் நண்பர்களுடன் ஊர் சுற்றினார். ஒரு பாலம், ஒரு பஞ்சாலை, ஒரு பள்ளிக்கூடம் ஆகிய மூன்றும் அவருக்கு ஆசிரியர்களாயின. அவை கற்றுத்தந்தவற்றை விளக்குகிறது இக்கட்டுரை.

தோற்றுப்போன வகுப்பு

1993ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு அருகிலுள்ள ஒரு தொடக்கப்பள்ளியில், ஆசிரியப் பயிற்சி மாணவியாக எட்டு வாரங்கள் பணியாற்றச் சென்றிருந்தேன். பத்து வயதுக் குழந்தைகள் இருபத்தாறு பேர் என் வகுப்பில் இருந்தனர். பருவமழையைப் பற்றிக் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. மழையை எதிர்பார்த்தே வாழும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அதைவிட எளிய பாடம் வேறென்ன இருக்க முடியும்?

நாற்பது மணித்துளிகள் இடைவிடாது பேசினேன். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, காற்றழுத்தம் என்று கரும்பலகை நிறைந்தது. குழந்தைகள் அமைதியாக இருந்தனர். அவ்வமைதியை என் வெற்றி என்று எண்ணிக்கொண்டேன்.

பின்னிருக்கையில் அமர்ந்து கவனித்த வழிகாட்டி ஆசிரியர், வகுப்பு முடிந்ததும் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். அதில் இரண்டே வரிகள் இருந்தன. "நீங்கள் நன்றாகப் பேசினீர்கள். குழந்தைகள் எப்போது கற்றார்கள்?"

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பலருள் ஒருத்தியாக என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். தேறாமல் ஊர் திரும்பினால் எந்த முகத்தோடு நிற்பேன் என்ற கவலை வாட்டியது. சனி, ஞாயிறு இரு நாளும் அறையைவிட்டு வெளியே செல்லாமல் பாடக்குறிப்பு எழுதுவதென்று முடிவு செய்தேன்.

விடுதியில் என்னோடு மேலும் மூவர் தங்கியிருந்தனர். கென்யத் தோழி ஒருத்தி, செருமானிய நண்பர் ஒருவர், ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடல் நடுவிலுள்ள லூயிஸ் தீவிலிருந்து வந்த தோழி ஒருத்தி. மூவரும் என்னைப் போலவே பயிற்சி மாணவர்கள். என் முடிவைக் கேட்ட தீவுத் தோழி, "அறைக்குள் அடைந்துகிடந்து எழுதும் பாடம் அந்த அறையைத் தாண்டாது. கிளம்பு!" என்று என் காலணியை எடுத்துக் கையில் கொடுத்தாள். எங்களிடம் பணம் குறைவு. பயணக் கட்டணத்தை நால்வரும் சமமாகப் பகிர்ந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்போம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் இருக்கும். கால்கள் வலிக்கும்வரை நடப்போம். எங்கள் சுற்றுலா அவ்வளவுதான்.

தோல்வியிலிருந்து எழுந்த பாலம்

முதல் சனிக்கிழமை, டால்மெனி நிலையத்தில் இறங்கி, கடற்கரைச் சிற்றூரான சவுத் குவீன்ஸ்பெரிக்கு நடந்தோம். அண்ணாந்து பார்த்தால் ஃபோர்த் தொடர்வண்டிப் பாலம். கழிமுகத்தின் குறுக்கே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்திற்குச் செந்நிற எஃகு, மூன்று பெரும் கோபுரங்களாக எழுந்து, இருபுறமும் கைகளை நீட்டி நின்றது. 1890ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் திறக்கப்பட்ட பாலம் அது. ஐம்பதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட எஃகு அதனுள் இருக்கிறது. அதைக் கட்டும் பணியில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அந்தப் பாலத்திற்கு முன்கதை ஒன்றுண்டு. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு, வடக்கே டே ஆற்றின்மேல் இருந்த பாலம் புயற்காற்றில் சரிந்தது. அதன்மேல் சென்றுகொண்டிருந்த தொடர்வண்டி ஆற்றில் வீழ்ந்தது. அதில் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்பாலத்தை வடிவமைத்த தாமஸ் பௌச்சே ஃபோர்த் பாலத்திற்கும் வரைபடம் தந்திருந்தார். அந்த வரைபடம் கைவிடப்பட்டது. ஜான் ஃபவுலர், பெஞ்சமின் பேக்கர் என்னும் பொறியாளர்கள் காற்றின் விசையைக் கணக்கில் கொண்டு முற்றிலும் வேறான பாலத்தை அமைத்தனர். தவறு எங்கே நேர்ந்தது என்று கேட்டவர்களே இப்பாலத்தைக் கட்டினார்கள்.

தன் பாலம் எவ்வாறு எடையைத் தாங்கும் என்பதைப் பொதுமக்களுக்கு விளக்க, பேக்கர் ஓர் எளிய வழியைக் கையாண்டார். இருவரை நாற்காலிகளில் அமர்த்திக் கைகளை இருபுறமும் நீட்டச் செய்தார். அவர்களுடைய கைகளுக்குக் கீழே கழிகள் முட்டுக்கொடுத்தன. வெளிப்புறக் கைகளைச் செங்கற்களின் எடை இழுத்துப் பிடித்தது. நடுவில் தொங்கிய பலகையில் மூன்றாமவர் ஒருவர் அமர்ந்தார். அவர் கீழே விழவில்லை; நாற்காலியில் இருந்தவர்களும் சாயவில்லை. பாலத்தின் இயக்கம் பார்த்தவர்களுக்கு நொடியில் விளங்கியது. நடுவில் அமர்ந்தவர் கைச்சி வாதனபே என்னும் சப்பானியர். கிளாஸ்கோவில் பொறியியல் கற்று, அப்பாலப் பணியிலேயே பயிற்சி பெற்ற இளைஞர் அவர்.

கடற்கரைக் கற்களில் அமர்ந்து நாங்களும் அவ்வாறே செய்து பார்த்தோம். நான் நடுவில் அமர்ந்தேன். இரு நண்பர்களின் தோள்களில் என் எடை இறங்குவதை உணர்ந்தபோது, என் பருவமழைப் பாடம் ஏன் தோற்றது என்பது புரிந்தது. நான் காற்றைப் பற்றிச் சொன்னேன். குழந்தைகள் அந்தக் காற்றை உணரவில்லை.

அடிக்காத பள்ளி

அடுத்த வாரம் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள நியூ லானார்க்கிற்குச் சென்றோம். மலைச்சரிவில் இறங்கும்போதே அருவியின் ஓசை கேட்டது. அந்த நீரின் விசையால் பஞ்சாலைகளை இயக்குவதற்காகவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேவிட் டேல் அவ்வூரை உருவாக்கினார். 1800ஆம் ஆண்டு ஆலையின் நிருவாகப் பொறுப்பை ஏற்ற அவருடைய மருமகன் இராபர்ட் ஓவன், 1816ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அங்கே ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தார்.

ஆலைகளில் சிறுவர்கள் நாள் முழுவதும் உழைத்த காலம் அது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தம் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்றார் ஓவன். அவர்களுக்குப் பள்ளியில் அடி இல்லை, கடுஞ்சொல்லும் இல்லை. சுவர்களில் விலங்குகளின் படங்களும் நிலப்படங்களும் தொங்கின. பாட்டும் நடனமும் பாடங்களாக இருந்தன. மழலையர் வகுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன் பெரிய படிப்பாளி அல்லர், நெசவுத் தொழிலாளி. குழந்தைகளிடம் அவருக்கு இருந்த அன்பும் பொறுமையுமே அவருடைய தகுதிகள்.

"ஓவன் ஆலை முதலாளியும்தானே? பத்து வயது நிரம்பியதும் அக்குழந்தைகள் ஆலைக்குத்தானே போனார்கள்?" என்று கேட்டாள் கென்யத் தோழி. நியாயமான கேள்வி. அவர்கள் பகலில் உழைத்து மாலையில் கற்றார்கள். ஒரு நல்ல மனிதரின் எண்ணமும் அவர் வாழ்ந்த காலத்தின் எல்லைக்குள்தான் தொடங்குகிறது. ஆயினும், குழந்தை அச்சமின்றிக் கற்க வேண்டும் என்று அங்கே ஊன்றிய வித்து வீணாகவில்லை. அருவிக்கரையில் ரொட்டியைப் பகிர்ந்து உண்டபோது, என் வகுப்பின் அமைதியை மீண்டும் நினைத்தேன். அது கற்றலின் அமைதியா, தயக்கத்தின் அமைதியா? ஏழாம் வரிசைச் சன்னலோரம் அமர்ந்து ஒருநாளும் வாய்திறவாத சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது.

கடல் கடந்த மணல்

மூன்றாவது பயணம் செயின்ட் ஆண்ட்ரூசுக்கு. நாங்கள் கீழிருந்து அண்ணாந்து பார்த்த பாலத்தின்மேல் இப்போது தொடர்வண்டியில் சென்றோம். லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் ஊரை அடைந்தோம். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பல்கலைக்கழகத்தையும், கடலோரம் இடிந்து நிற்கும் பேராலயத்தையும் காண்பதே எங்கள் திட்டம்.

சவுத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பள்ளியின் பெயரைப் படித்து நான் நின்றுவிட்டேன். 'மதராஸ் கல்லூரி' என்றிருந்தது. வடகடலின் குளிர்காற்று வீசும் அவ்வூரில் எங்கள் சென்னையின் பெயர் எப்படி வந்தது?

அதற்கு விடை அவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ பெல்லின் வாழ்வில் இருக்கிறது. முடிதிருத்துநர் ஒருவரின் மகனான அவர், 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பாளரானார். அங்கே ஆசிரியர்கள் போதவில்லை, குழந்தைகளும் முன்னேறவில்லை. ஒருநாள், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவதைக் கண்டார். தாளும் எழுதுகோலும் வேண்டாத அந்த முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். கற்ற குழந்தை கல்லாத குழந்தைக்குக் கற்பித்தது; வகுப்பு முன்னேறியது.

நாடு திரும்பிய பெல், 1797ஆம் ஆண்டு இம்முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்று இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. 1832இல் மறைந்த பெல் விட்டுச்சென்ற பொருளால் எழுந்ததே அவர் பிறந்த ஊரில் நான் கண்ட பள்ளி.

எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. அவர் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல்வைத்து 'அ' எழுதியவர். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்வதையும் கதைகதையாகக் கூறுவார். அதைப் பழங்கதை என்று கேட்டு மறந்தவள் நான். அதன் மதிப்பை அறிய நான் கடல் கடந்து வரவேண்டியிருந்தது.

செருமானிய நண்பர் மட்டும் ஓர் எச்சரிக்கை விடுத்தார். நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்பதற்காகவே இம்முறையைப் பலர் கைக்கொண்டபோது, அது மனப்பாடம் செய்விக்கும் எந்திரமாகவும் மாறியது என்றார். உண்மைதான். முறை மட்டும் குழந்தையைக் காப்பதில்லை; அதைக் கையாளும் ஆசிரியரின் கண்ணும் மனமும் விழித்திருக்க வேண்டும்.

மீண்டும் மழை

பயிற்சியின் இறுதி வாரத்தில் அதே பாடத்தை மீண்டும் நடத்த இசைவு கேட்டேன். இம்முறை நான் குறைவாகப் பேசினேன். புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணியால் மூடினோம். அது மேற்குத் தொடர்ச்சி மலை. சில குழந்தைகள் கடலாகவும் சிலர் காற்றாகவும் ஆயினர். காற்றானவர்கள் கடலிலிருந்து நீல மணிகளை அள்ளி வந்து, மலையேறும்போது கொட்டிவிட்டு, மறுபுறம் வெறுங்கையோடு இறங்கினர். விளங்கிக்கொண்டவர்கள் குழுக்களாகப் பிரிந்து மற்றவர்களுக்கு விளக்கினர். தட்டில் பரப்பிய மணலில் மலையும் கடலும் வரையப்பட்டன.

ஏழாம் வரிசைச் சிறுவன் தன் குழுவில் இருவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று என்னைப் பார்த்து, "உங்கள் ஊர் மலைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டான். "கிழக்குப் பக்கம்" என்றேன். "அப்படியானால் தென்மேற்குக் காற்றில் உங்களுக்கு மழை குறைவு. எங்களுக்கும் அப்படித்தான். மேற்கே பாட்டி வீட்டிற்குப் போனால் எப்போதும் மழை. இங்கே அவ்வளவு இல்லை. நடுவில் மலை இருக்கிறது" என்றான்.

மழைமறைவு நிலம் என்ற சொல்லை நான் கற்பிக்கவே இல்லை. அவன் அதன் பொருளைத் தானே கண்டடைந்தான். என் ஊரையும் தன் ஊரையும் ஒரே மணல்தட்டில் சேர்த்துவைத்தான்.

வழிகாட்டி ஆசிரியர் அன்றும் குறிப்பேட்டை நீட்டினார். இம்முறை ஒரே வரி இருந்தது. "இன்று நான் உங்கள் குரலை அதிகம் கேட்கவில்லை."

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. பாடம் திட்டமிட அமரும்போதெல்லாம் அந்த வார இறுதிகள் நினைவுக்கு வருகின்றன. வேலையிலிருந்து தப்பிச் செல்வதாக எண்ணியே நண்பர்களோடு புறப்பட்டேன். ஆனால், ஆசிரியருக்கு மிகத் தேவையான ஒன்றை அப்பயணங்கள் எனக்குத் திருப்பித் தந்தன. அது, அறியாத ஒன்றின் முன் நின்று வியக்கும் மாணவரின் மனம்.

தெரிந்து தெளிவோம்

நியூ லானார்க் 2001ஆம் ஆண்டிலும், ஃபோர்த் பாலம் 2015ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

சொல்லும் பொருளும்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
முட்டுக்கொடுத்தல் – சாயாமல் தாங்குதல்
சட்டாம்பிள்ளை – திண்ணைப் பள்ளியில் பிற மாணவர்களைக் கண்காணித்துக் கற்பிக்கும் மாணவன்
மழைமறைவு நிலம் – மலையின் மறுபுறத்தில் மழை குறைவாகப் பெறும் பகுதி

கற்பவை கற்றபின்

1. நீங்கள் நண்பர்களுடன் சென்றுவந்த ஓர் இடம், உங்கள் பாடநூலில் உள்ள எச்செய்தியை விளங்கச் செய்தது? ஒரு பக்க அளவில் எழுதுக.
2. திண்ணைப் பள்ளியில் பயின்றோர் அல்லது அதைப் பற்றிக் கேட்டறிந்தோர் உங்கள் ஊரில் இருப்பின், அவர்களிடம் நேர்காணல் நடத்தி வகுப்பில் பகிர்க.
3. 'குழந்தைகள் எப்போது கற்றார்கள்?' என்னும் வினா கட்டுரையாசிரியரிடம் ஏற்படுத்திய மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.
4. 'மதராஸ் முறை'யின் நன்மைகள், குறைகள் குறித்து இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.