நம் எம்.பி. என்ன கேட்டார்?

அன்பு மகளுக்கு,

வருகைப்பதிவு, கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள் என்று நம் தொகுதி எம்.பி.யைப் பற்றி மூன்று எண்கள் போட்ட படத்தை அனுப்பி, "இவர் நல்லா வேலை செய்றாரா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். முதல் ஓட்டுப் போடப்போகும் பெண் இப்படிக் கேட்டது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் முக்கியமான ஒன்று இல்லை, கவனித்தாயா? அவர் எந்த மசோதாவை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்ற கணக்கு. அதைப் படம் போட்டவரின் தவறு என்று நினைக்காதே. நம் மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. எந்தப் பக்கத்துக் குரல் ஓங்கியது என்று சபாநாயகர் அறிவித்தால் வேலை முடிந்தது. யார் எந்தப் பக்கம் என்று எழுதி வைப்பதில்லை. யாராவது எழுந்து டிவிஷன் கேட்டால்தான் மணி அடித்து, கதவுகளைச் சாத்தி, பெயர்வாரியாகப் பதிவு செய்வார்கள். அரசியல் சாசனத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் அங்கே எண்ணித்தான் ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2 என்று நமக்குத் தெரிவது அப்படித்தான்.

பெயர்வாரிப் பதிவு கிடைத்தாலும் பின்வரிசை உறுப்பினரின் மனம் அதில் தெரியாது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி போகலாம் என்கிறது 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். ஆட்சியைக் கவிழ்க்கும் பேரங்களைத் தடுக்க வந்த சட்டம் சாதாரண மசோதாவில்கூட உறுப்பினரின் கையைக் கட்டிவிட்டது. ஆட்சியின் உயிரைத் தொடும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் கொறடா போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

வருகைக் கணக்கையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு வருகையைப் பதிவு செய்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

மிஞ்சுவதில் முக்கியம் கேள்விகள். கொறடாவின் பிடி அவ்வளவாக எட்டாத இடம் அது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் அங்கேயே துணைக்கேள்வியும் போடலாம். மக்களவையில் ஒரு நாள் பட்டியலுக்கு அப்படிப்பட்டவை 20 மட்டுமே, அந்த இடமும் குலுக்கலில்தான் கிடைக்கும். நட்சத்திரம் இல்லாதவை 230 வரை வரும், அவற்றுக்கு எழுத்தில் பதில். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் எண்ணை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

பெரோஸ் காந்தியை எடுத்துக்கொள். ரேபரேலி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், ஆளும் காங்கிரஸ்காரர், ஆனால் அமைச்சர் இல்லை. அப்போதுதான் தொடங்கியிருந்த எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் 1957-இல் ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் போட்டது. பாலிசி எடுத்த சாதாரண மக்களின் பணம் அது. செப்டம்பரில் இது அவையில் கேள்வியாக வந்தபோது மழுப்பலான பதில்தான் கிடைத்தது. பெரோஸ் அதோடு விடவில்லை. விவரங்களைத் திரட்டிக்கொண்டு டிசம்பரில் எழுந்து, தன் கட்சியின் அரசையே அவையில் நிறுத்திக் கேட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர், நம் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பதவி விலகினார். நீ அனுப்பியது போன்ற படத்தில் இந்தக் கதை முழுவதும் ஓரிரு எண்களாகச் சுருங்கியிருக்கும்.

எதிர்ப்புறமும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் சிக்கி, 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவியை இழந்தார்கள். அவர்கள் கேட்டவையும் கேள்விகள் என்றுதான் கணக்கில் ஏறியிருக்கும்.

எனவே ஒரு பதில் வந்த பிறகு உறுப்பினர் என்ன செய்தார் என்று பார். "விவரம் திரட்டப்படுகிறது", "பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்குக் கொடுத்த வாக்குறுதி. அதை மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கவே 1953 முதல் அரசு வாக்குறுதிகள் குழு இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே விஷயத்தை விடாமல் மறுபடி கேட்கிறாரா நம்மவர்?

நிலைக்குழுக்களையும் பார்க்கச் சொல்வேன். மூடிய கதவுக்குள் நடப்பதால் டி.வி.யில் வராது. ஆனால் குழு அறிக்கையின் கடைசிப் பக்கங்களுக்குப் போனால், எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்பதும், உடன்படாதவர்கள் எழுதிய மாற்றுக் கருத்தும் இருக்கும். ஓர் உறுப்பினர் உட்கார்ந்து படித்தவரா என்பதை அங்கே கண்டுபிடித்துவிடலாம்.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அபூர்வம். 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. அப்படியிருந்தும் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று அந்த அவை நிறைவேற்றியது. மக்களவையில் அது கரையேறவில்லை. அடுத்த ஆண்டு அரசே தனியாக ஒரு மசோதா கொண்டுவந்தது. வெற்றி தோல்வி என்ற இரு சொல்லில் அடங்காத வேலை இது, உன் கணக்கில் இதற்கும் இடம் வை.

இந்த விடுமுறையில் ஒன்று செய். குடிநீரோ ரயில் பாதையோ, நம் தொகுதிக்கு வலிக்கிற ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள். நாடாளுமன்ற இணையதளத்தில் அதைப் பற்றி நம் எம்.பி. கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தேதி வரிசையில் அடுக்கிப் படி. முதல் பதிலைப் படித்துவிட்டுத்தான் இரண்டாவது கேள்வியை எழுதினாரா என்று பார்த்து எனக்கு எழுது. தெரியாத சொல் வந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா