ஆலங்குடிப் பெற்றோருக்கு: படிப்பு உதவித்தொகைக் குறிப்புகள்

வடகாடு, கீரமங்கலம் பக்கம் பூவும் வாழையும் விற்ற காசில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள், உதவித்தொகை பற்றி விசாரிப்பது பெரும்பாலும் பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான். அதற்குள் பாதி வாய்ப்புகள் கைநழுவிவிடும். ஏழாம் வகுப்பிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

1. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வைத் தவறவிடாதீர்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை மாதம் ரூ.1,000, மொத்தம் ரூ.48,000. இரண்டு தாள், தலா 90 மதிப்பெண். அறிவுத்திறன் தாள் பாடப்புத்தகத்தில் இல்லாதது. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால்தான் பழகும்.

2. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு ரூ.1,000தான் என்றாலும் எழுத வையுங்கள்.

3. பிளஸ் ஒன்னில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு. மாநில அளவில் 1,500 பேருக்கு இரண்டாண்டு, மாதம் ரூ.1,500. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மறுபடி படித்தால் போதும்.

4. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை மதிப்பெண் ஆசையில் ஒன்பதிலோ பிளஸ் ஒன்னிலோ தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் நன்றாக யோசியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவம், பொறியியலில் அப்படி இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அரசுப் பள்ளிப் படிப்பே அடிப்படை. இந்த இரண்டு திட்டங்களிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழிப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டுள்ளனர். ஓராண்டு மாற்றத்தால் இத்தனையும் போய்விடலாம்.

5. வீட்டில் யாருமே பட்டம் பெறவில்லையா? முதல் பட்டதாரி சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வையுங்கள். இந்தச் சான்றால் கிடைக்கும் கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

6. கல்லூரி உதவித்தொகைக்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் எல்லோருக்கும் வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

7. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தலைப்பெழுத்து ஆகியவை ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பாஸ்புக்கிலும் ஒன்றாக இருக்கட்டும். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அது இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அஞ்சலகத்தில் புதுக் கணக்கு தொடங்கலாம்.

8. அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தந்தையோ தாயோ விபத்தில் இறந்தால், பிள்ளை பெயரில் ரூ.75,000 வைப்புத்தொகை உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் ரூ.2,000.

9. கொத்தனார், சித்தாள், பெயின்டர் வேலை பார்ப்பவர்கள் நலவாரிய அட்டையைப் புதுப்பித்து வைத்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்குத் தனி உதவி கிடைக்கும்.

10. நகையை அடகு வைக்கும் முன் வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை.

படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாத ஒரு வீட்டுக்காவது உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.